பம்புக்குள் சுழலும் சக்கரம்

கேரள மாநிலத்தில் பாலக்காடு மாவட்டம். அதில் சித்தூர் தாலுக்கா. அதன் கிழக்குப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று ஊர்கள் இருக்கின்றன. கேரளம் என்றால் எங்கும் மழை என்று நினைக்கிறோம். இந்தப் பக்கம் அப்படி இல்லை. இங்கே மழை குறைவு. காற்று அதிகம். தமிழ் பேசும் விவசாயிகள் நிறையப் பேர். கிணற்றையும் போர்வெல்லையும் நம்பித்தான் பாதி வெள்ளாமை.

அங்கே ஒரு அம்மாவுக்குத் தோட்டம் உண்டு. தோட்டத்தில் ஒரு கிணறு. கிணற்றுக்குள் கல் திட்டின் மேல் 5 குதிரைசக்தி மோட்டார் பம்பு. கோயம்புத்தூரில் செய்தது.

அந்த வருடம் தென்னைக்கு நடுவே தக்காளியும் வைத்தார். நாற்று நன்றாகப் பிடித்தது. ஆனால் தண்ணீர் பாய்ச்சி முடியவில்லை. கடைசிப் பாத்திக்குப் போவதற்குள் கரண்டு போய்விடும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. பம்புதான் மெதுவாக இறைக்கிறது. என்ன செய்வது?

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு வழி சொன்னார். "பெரிய இம்பெல்லர் போடுங்க. தண்ணி பிச்சுக்கிட்டு வரும்."

பட்டறைப் பையன் வந்தான். பழைய இம்பெல்லரைக் கழற்றினான். அது 150 மில்லிமீட்டர் அகலம். புதியது 165 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. மாட்டினான். ஓட்டினான். தண்ணீர் பாய்ந்து வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம்.

மூன்றாம் நாள் மோட்டாரிலிருந்து புகை வந்தது. காயில் கருகிவிட்டது. காயில் கட்ட இரண்டு ஆட்டுக்குட்டிகளை விற்க வேண்டியிருந்தது. மோட்டார் பட்டறையில் கிடந்த ஐந்து நாளும் தக்காளி வாடியது.

ஒரு விரல் அகலம்கூட இல்லாத வித்தியாசம். அது எப்படி மோட்டாரை எரித்தது? 

மோட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்தவர் மூத்த மெக்கானிக். ஐம்பது வயது தாண்டியவர்.

"ஏனுங்ணா, பெரிய இம்பெல்லர் போட்டா தண்ணி கூட வரும்னு சொன்னாங்களே?"

"வந்துச்சா, இல்லியா அம்மிணி?"

"வந்துதுங்ணா. மூணாம் நாளு புகையும் வந்துது."

மெக்கானிக் சிரித்துவிட்டார். பிறகு பம்பின் மூடியைக் கழற்றிக் காட்டினார்.

கவண் தெரியுமா?

பம்பின் ஓடு நத்தைக் கூடு போல வளைந்து இருக்கும். அதன் உள்ளே ஒரு சக்கரம். வார்ப்பிரும்பில் அல்லது வெண்கலத்தில் செய்தது. அதுதான் இம்பெல்லர். அதன் நடுவே ஒரு ஓட்டை. அந்த ஓட்டையைச் சுற்றி வளைந்த இதழ்கள்.

சோளக்காட்டில் குருவி விரட்டக் கவண் சுற்றியிருப்பீர்கள். கயிற்றில் கல்லை வைத்துச் சுற்றுகிறோம். ஒரு நுனியை விட்டால் கல் பறக்கிறது. இம்பெல்லரும் அதைத்தான் செய்கிறது. இங்கே கல்லுக்குப் பதில் தண்ணீர். நடு ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. சக்கரம் சுழல்கிறது. தண்ணீர் ஓரத்துக்கு ஓடி, வெளியே வீசப்படுகிறது. ஓரத்துக்குப் போன தண்ணீரின் இடத்துக்குப் புதுத் தண்ணீர் வருகிறது. இப்படி நிற்காமல் நடக்கிறது.

வீசப்பட்ட தண்ணீர் வேகமாக இருக்கும். நத்தைக் கூடு போகப் போக அகலமாகிறது. அகலமான இடத்தில் தண்ணீரின் வேகம் குறைகிறது. குறைந்த வேகம் வீணாவதில்லை. அது அழுத்தமாக மாறுகிறது. அந்த அழுத்தம்தான் தண்ணீரைக் குழாயில் மேலே தள்ளுகிறது.

இதழ்கள் ஏன் வளைந்திருக்கின்றன? முதலில் நேரான இதழ்களைத்தான் வைத்தார்கள். 1851-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே ஜான் அப்போல்ட் என்பவர் வளைந்த இதழ் வைத்த பம்பைக் கொண்டுவந்தார். மற்ற பம்புகள் எல்லாம் அதனிடம் தோற்றுப்போயின. அன்று முதல் வளைந்த இதழ்தான். இதழ்கள் சுழலும் திசைக்குப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். தண்ணீரை அள்ளுவது போல இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. லைன் வேலை நடந்த பிறகு சில சமயம் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அப்போதும் தண்ணீர் வரும். ஆனால் சோர்ந்து வரும். பம்பு கெட்டுவிட்டது என்று கழற்றுவதற்கு முன்னால் சுற்றும் திசையைப் பாருங்கள்.

மறுபடி கவணுக்கு வருவோம். குட்டைக் கயிறு, நீளக் கயிறு இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றுங்கள். எந்தக் கல் தூரம் போகும்? நீளக் கயிற்றுக் கல்தான். கை ஒரு சுற்று சுற்றுவதற்குள் நீளக் கயிற்றின் நுனி பெரிய வட்டம் போடுகிறது. அதனால் அதன் வேகம் அதிகம்.

இந்த மோட்டார் நிமிஷத்துக்கு 2,880 சுற்று சுற்றும். 150 மில்லிமீட்டர் இம்பெல்லரின் விளிம்பு அப்போது மணிக்கு 81 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 165 மில்லிமீட்டர் இம்பெல்லரின் விளிம்போ 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மோட்டாரின் சுற்று கூடவில்லை. சக்கரம் மட்டும்தான் பெரிதானது.

படி ஏறும் கணக்கு

"வேகம் பத்துக்குப் பதினொண்ணா ஆச்சு. அவ்வளவுதானுங்ளே? அதுக்கா மோட்டார் எரியும்?" என்று அம்மா கேட்டார்.

நல்ல கேள்வி. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பத்துக்குப் பதினொன்று என்றால் சுமையும் பத்துக்குப் பதினொன்றுதான் என்று நினைக்கிறார்கள்.

குடத்தையும் படிக்கட்டையும் வைத்துக் கணக்குப் போடுவோம்.

ஒரு ஆள் 100 குடம் தண்ணீரை 100 படி உயரம் சுமக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 100-ஐ 100-ஆல் பெருக்கினால் 10,000. அது அவர் செய்த வேலை.

இம்பெல்லர் பத்தில் ஒரு பங்கு பெரிதானால் தண்ணீர் 100 குடத்துக்கு 110 குடம் ஆகும். அது ஒரு கூடுதல். உயரமும் கூடும். ஆனால் 110 படியாக அல்ல. 121 படியாக. எப்படி? ஒரு பந்தை மேலே எறிந்து பாருங்கள். இரண்டு மடங்கு வேகத்தில் எறிந்தால் பந்து இரண்டு மடங்கு உயரம் போவதில்லை. நான்கு மடங்கு போகும். இரண்டை இரண்டால் பெருக்க வேண்டும். அதே போல இங்கே 11-ஐ 11-ஆல் பெருக்க வேண்டும். 121 வருகிறது. முன்பு 10-ஐ 10-ஆல் பெருக்கினால் 100 வந்தது.

இப்போது அந்த ஆளின் வேலை எவ்வளவு? 110 குடம், 121 படி. பெருக்குங்கள். 13,310 வருகிறது.

முன்பு 10,000. இப்போது 13,310. கூலி பத்தில் ஒரு பங்கு கூடவில்லை. மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது!

இது பட்டறைக் கணக்கு. எல்லாத் தோட்டத்திலும் அச்சு அசலாக இப்படியே வராது. கிணற்றின் ஆழமும் குழாயின் அகலமும் கொஞ்சம் மாற்றும். ஆனாலும் மெக்கானிக்குகள் இந்தக் கணக்கை நம்பித்தான் வேலை செய்கிறார்கள்.

பழைய இம்பெல்லர் இருந்தபோது மோட்டார் நாலரை குதிரைசக்தி சுமை இழுத்தது. 5 குதிரைசக்தி மோட்டாருக்கு அது சுகமான சுமை. புதிய இம்பெல்லரால் சுமை ஏறக்குறைய 6 குதிரைசக்தி ஆனது. ஐந்து ஆள் சுமையை இழுக்கும் காளை ஆறு ஆள் சுமையை இழுத்தது போல. ஒரு மணி நேரம் இழுக்கும். நாள் முழுவதும் இழுக்குமா?

இதற்குக் கிடைத்த லாபம் எவ்வளவு? 200 லிட்டர் டிரம் ஒன்று முன்பு 22 விநாடியில் நிறைந்தது. பெரிய இம்பெல்லர் போட்ட பிறகு 20 விநாடியில் நிறைந்தது. இரண்டு விநாடி. அவ்வளவுதான்.

எச்சரித்தது யார்?

மோட்டார் சொல்லாமல் எரியவில்லை. சொல்லித்தான் எரிந்தது. கேட்கத்தான் யாரும் இல்லை.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஓவர்லோடு ரிலே என்று ஒன்று இருக்கிறது. சுமை கூடினால் மோட்டாரை அதுவே நிறுத்திவிடும். புதிய இம்பெல்லர் போட்ட முதல் நாளே ரிலே இரண்டு முறை மோட்டாரை நிறுத்தியது.

"ரிலே கெட்டுப்போச்சுன்னு பையன் சொன்னானுங்ணா. திருப்பி வெச்சான். அப்புறம் நிக்கல."

"ரிலே கெடல அம்மிணி. அதோட வாயைக் கட்டிட்டான்."

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் நிற்காமல் வர வேண்டும் என்று எல்லோரும் அவனை அவசரப்படுத்தினார்கள். ஆனால் காவல்காரன் கத்தினால் திருடனைத் தேட வேண்டும். காவல்காரனை அடைத்து வைக்கக் கூடாது.

ஸ்டார்ட்டர் பலகையில் ஆம்பியர் மீட்டரும் இருந்தது. மூன்று பேஸில் ஓடும் 5 குதிரைசக்தி மோட்டார் முழுச் சுமையில் ஏறக்குறைய ஏழரை ஆம்பியர் எடுக்கும். உங்கள் மோட்டாருக்குச் சரியான எண் அதன் மேல் அடித்த தகட்டில் இருக்கும். அந்த மூன்று நாளும் முள் ஒன்பதில் நின்றது. மாலையில் வோல்டேஜ் குறைந்தது. முள் பத்தைத் தாண்டியது. வோல்டேஜ் குறைந்தால் கரண்டு குறைவாக எடுக்கும் என்று நினைப்போம். மோட்டார் அப்படிச் செய்யாது. அதே சுமையை இழுக்க அது அதிக ஆம்பியர் எடுக்கும். ஆம்பியர் கூடினால் சூடு கூடும். சூட்டில் காயில் கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் கருகும். பிறகு புகைதான்.

தண்ணீர் மேலே வந்தால் சுமை குறையுமா?

இன்னொரு காரணமும் இருந்தது. அது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும்.

அப்போது மழை முடிந்திருந்தது. கிணற்றில் தண்ணீர் மேலே இருந்தது. தண்ணீர் மேலே இருந்தால் பம்புக்கு வேலை சுலபம் என்று தோன்றும். இல்லை. ஏற்ற வேண்டிய உயரம் குறைந்தால் பம்பு இன்னும் அதிகத் தண்ணீரை அள்ளி வீசும். இந்த வகைப் பம்பில் தண்ணீர் அதிகம் போனால் சுமையும் அதிகம். அதனால்தான் கிணறு நிறைந்த மாதங்களில் நிறைய மோட்டார்கள் எரிகின்றன.

இதற்கு வழி டெலிவரி குழாயில் உள்ள கேட்வால்வு. அதைக் கொஞ்சம் மூடினால் தண்ணீர் குறையும். ஆம்பியர் முள்ளும் இறங்கும். மெக்கானிக் மூடிக் காட்டினார். அம்மா நம்பாமல் இரண்டு முறை பார்த்தார். வாயை அடைத்தால் மோட்டார் திணறும் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். ஆனால் வால்வை முழுவதும் மூடி வெகுநேரம் ஓட்டக் கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து, பம்பு கெட்டுவிடும்.

ஆழத்திலிருந்து இழுக்குமா?

பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "சித்திரையில தண்ணி கீழ போயிரும். பெரிய இம்பெல்லர்தான் ஆழத்துல இருந்து இழுக்கும்."

இது தவறு. இதில் காசு தொலைத்தவர்கள் ஏராளம்.

பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. கிணற்றுத் தண்ணீரின் மேல் காற்று அழுத்துகிறது. நம்மைச் சுற்றி இருக்கும் இதே காற்றுதான். பம்பு தன் வாயில் கொஞ்சம் இடத்தைக் காலி செய்கிறது. காற்றின் அழுத்தம் தண்ணீரை அந்த இடத்துக்குத் தள்ளுகிறது. காற்று தள்ளக்கூடிய உயரம் 34 அடி. அதுவும் ஏட்டில்தான். குழாய், புட்வால்வு, முழங்கை வளைவு எல்லாம் தங்கள் பங்கைத் தின்றுவிடும். உண்மையில் 20 அல்லது 22 அடிதான் நம்பலாம்.

இம்பெல்லரை எவ்வளவு பெரிதாக்கினாலும் காற்று கூடுதலாகத் தள்ளாது. மாறாக, பெரிய இம்பெல்லர் அதிகத் தண்ணீர் கேட்கும். காற்று அவ்வளவு தள்ள முடியாது. அப்போது பம்புக்குள் நீராவிக் குமிழிகள் உண்டாகி உடையும். சரளைக் கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம் வரும். கொஞ்ச நாளில் இம்பெல்லர் அம்மை வந்த முகம் போலக் குழி விழுந்துவிடும்.

தண்ணீர் கீழே போனால் செய்ய வேண்டியது ஒன்றுதான். பம்பையே கீழே இறக்க வேண்டும். அந்தக் கிணற்றில் எட்டடி கீழே இன்னொரு திட்டு இருந்தது. சித்திரை பிறக்கும் முன்பே அங்கே இறக்கிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

வெட்டினால் வளராது

"அப்ப இந்த பெரிய இம்பெல்லர் தண்டமாங்ணா?"

"கடைசல் பட்டறையில குடுத்தா சுத்தியும் கடைஞ்சு சின்னதாக்கலாம்."

இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்குவது உலகம் முழுவதும் நடக்கும் வேலை. பம்புக் கம்பெனிகளே செய்கின்றன. ஒரே ஓட்டுக்குள் பல அளவு இம்பெல்லர்களை வைத்துப் பல வேலைக்கு விற்கிறார்கள்.

அம்மா கணக்குக் கேட்டார். 165-ஐ 154 ஆக்கினால் என்ன கிடைக்கும்? மெக்கானிக் சுவரில் கரித்துண்டால் எழுதிப் பார்த்தார். சுமை 4.9 குதிரைசக்தி வரும். மோட்டார் தாங்கும். ஆனால் தண்ணீர் நூறு குடத்துக்கு நூற்று மூன்று குடம்தான். மூன்று குடத்துக்காகக் கடைசல் கூலி கொடுப்பதா? அம்மா வேண்டாம் என்றார். அது சரியான முடிவுதான். 5 குதிரைசக்தி மோட்டாரிடம் 5 குதிரைசக்திக்கு மேல் எந்த இம்பெல்லரும் வாங்கித் தராது.

கடைவது எங்கே பயன்படும்? வால்வைப் பாதி மூடியே வருடம் முழுவதும் ஓட்டுகிறவருக்கு. சொட்டு நீர்க் குழாய் வெடித்துவிடும் என்று பயந்து சிலர் அப்படி ஓட்டுகிறார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டே பிரேக்கையும் மிதிப்பது போல அது. அவர்கள் இம்பெல்லரைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம். 9-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். 729. ஆயிரம் ரூபாய் கரண்டு செலவு 729 ரூபாய் ஆகும் என்பது கணக்கு. 5 குதிரைசக்திப் பம்பு என்றால் மணிக்கு ஒரு யூனிட் மிச்சம். ஆனால் உயரமும் 100 அடிக்கு 81 அடியாகக் குறையும். மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுமா என்று பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒரே தடவையில் நிறைய வெட்டக் கூடாது. கொஞ்சம் வெட்டு, மாட்டு, ஓட்டிப் பார். தலைமுடியை வெட்டினால் வளரும். இரும்பு வளராது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் பம்பு தன் திறமையை இழந்துவிடும்.

மணல் கலந்த தண்ணீர் இறைக்கும் பம்பில் வெட்டாமலே இம்பெல்லர் தேயும். வருடத்துக்கு வருடம் தண்ணீர் குறைகிறதா? கழற்றி அளந்து பாருங்கள்.

போர்வெல்லில் என்ன செய்கிறார்கள்?

போர்வெல்லின் வாய் ஆறு அங்குலம் அல்லது ஆறரை அங்குலம். ஆழமோ பல நூறு அடி. உயரம் வேண்டும் என்றால் பெரிய இம்பெல்லர் வேண்டும். பெரிய இம்பெல்லர் அந்தக் குழிக்குள் நுழையாது. அதனால் சிறிய இம்பெல்லர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். பத்து, பதினைந்து, இருபது என்று அடுக்குவார்கள். முதல் இம்பெல்லர் தள்ளிய தண்ணீரை இரண்டாவது வாங்கி இன்னும் தள்ளும். தண்ணீரின் அளவு கூடாது. உயரம் மட்டும் கூடிக்கொண்டே போகும். கொத்தனார் வேலையில் சாரத்தில் வரிசையாக நின்று சாந்துச் சட்டி கை மாற்றுவது போல. போர்வெல் பம்பு வாங்கும்போது "எத்தனை ஸ்டேஜ்?" என்று கேட்பது இதைத்தான்.

தக்காளிக்கு என்ன ஆனது?

மெக்கானிக் பழைய 150 மில்லிமீட்டர் இம்பெல்லரையே மாட்டினார். பிறகு டெலிவரி குழாயைப் பார்த்தார். அது இரண்டரை அங்குலக் குழாய். விநாடிக்கு 9 லிட்டர் தண்ணீர் அதில் நெருக்கியடித்துக்கொண்டு போயிற்று. குழாயின் உராய்வு மட்டும் ஆறு மீட்டர் உயரத்துக்குச் சமமான சக்தியைத் தின்றது. மூன்று அங்குலக் குழாய் போட்டால் அது பாதிக்கும் கீழே குறையும். குழாய்க்கும் காசு வேண்டும். ஆனால் குழாய் ஒரு தடவைச் செலவு. அது மோட்டாரை எரிக்காது.

குழாய் மாற்றிய பிறகு டிரம்மை வைத்து எண்ணினார்கள். 20 விநாடி. பெரிய இம்பெல்லர் கொடுத்த அதே 20 விநாடி! ஆம்பியர் முள் ஏழைத் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்தது. ஏழரையைத் தொடவில்லை. மெக்கானிக் ரிலேயைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தார்.

வாடிய தக்காளியில் பாதி பிழைத்தது. கடைசி மூன்று பாத்தியை உழுது கீரை விதைத்தார்கள்.

இப்போது ஆம்பியர் மீட்டரின் கண்ணாடி மேல் ஏழரைக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. அம்மா தன் நகப்பூச்சால் போட்டது. மோட்டார் போட்டதும் அவர் முதலில் அந்தக் கோட்டைப் பார்க்கிறார். 165 மில்லிமீட்டர் இம்பெல்லர் மோட்டார் அறையில் ஆணியில் தொங்குகிறது. ஏழரை குதிரைசக்தி மோட்டார் வாங்கும் காலம் வந்தால் மாட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்.